எல்லையோரத்துச் சமயமும் மனக்குறையும்

பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் உறுப்பினர்களே, கவிஞர் பெருமக்களே,

ஓசூரிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஜூஜூவாடி தமிழகத்தின் கடைசி ஊர். அதனைக் கடந்தால் அத்திப்பள்ளி, கருநாடகம் தொடங்கிவிடுகிறது. இரண்டிற்கும் இடையே மலையும் இல்லை, ஆறும் இல்லை. தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் இருபுறமும் பேசப்படுகின்றன. சந்திரசூடேசுவரர் மலைக்கோயிலும், கிருட்டிணகிரியில் சையத் பாஷா மலையும், மதகொண்டப்பள்ளி, எலத்தகிரி தேவாலயங்களும் ஒரே மாவட்டத்தில் நிற்கின்றன. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் லாரியும் கைக்கடிகாரமும் இருசக்கர வண்டியும் செய்யும் ஆலைகள் எழுந்தன. தென் மாவட்டங்களிலிருந்தும் பின்னர் வடமாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறினர். ஆகவே சமயமும் மொழியும் பிழைப்பும் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்று ஆராய விரும்புவோர்க்கு இவ்வெல்லைப்புறத்தை விடப் பொருத்தமான இடம் அரிது.

சமயப் பூசல் என்று பெயர் சூட்டப்படும் பலவற்றைச் சற்றே அகழ்ந்து பார்த்தால், அடியில் நிலம் பற்றிய குறையோ, வேலை பற்றிய அச்சமோ, சாதி இழிவின் வலியோ கிடைக்கிறது. அக்குறைக்குச் செவி கிடைக்காத போது, அது கைக்கெட்டும் தொலைவில் உள்ள ஓர் அடையாளத்தை எடுத்துப் போர்த்திக்கொள்கிறது. ஓரிடத்தில் அப்போர்வை சமயம்; மற்றோரிடத்தில் மொழி. இதுவே இவ்வுரையின் மையக் கருத்து.

கிறித்தவத்தின் கதையிலிருந்தே தொடங்கலாம். திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்து பாராமகால் 1792இலும், ஓசூர்ப் பகுதி 1799இலும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின், சிதறிக்கிடந்த கத்தோலிக்கர்களைத் திரட்டும் பணியை மைசூர் நாட்டில் மேற்கொண்டவர் பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் இந்நாட்டு உடையும் உணவும் கொண்டு வாழ்ந்தவர் அவர். அம்மைப்பால் குத்துவதை மக்களிடையே பரப்பத் துணைநின்றவர். அவரே 1823இல் வெளியிட்ட மடல்களில், இந்தியரைக் கிறித்தவராக்கும் முயற்சி வெற்றி பெறாது என்று எழுதினார். பரப்ப வந்தவரே அவ்வாறு எழுதியது அக்காலத்துத் திருச்சபையினரைச் சினங்கொள்ளச் செய்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிருட்டிணகிரி மாவட்டத்தில் கிறித்தவர் நூற்றுக்கு இருவர் அளவினரே.

எண்ணிக்கை இவ்வாறிருக்க, மதமாற்றம் பற்றிய அச்சமோ ஓயவில்லை. தமிழகத்தில் 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் பிறந்தது. 2004இல் அது கைவிடப்பட்டது. கருநாடகத்தில் அத்தகைய சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறியதும், அதனை நீக்க அமைச்சரவை முடிவெடுத்தது. சட்டம் வருவதும் போவதும் தேர்தலைப் பொறுத்தனவாக இருக்கின்றன. ஜூஜூவாடியில் ஐயமின்றி நடைபெறும் ஒரு வீட்டுச் செபக்கூட்டம், இரண்டு கல் தொலைவில் உள்ள அத்திப்பள்ளியில் ஐயத்திற்குரியதாகும் நிலையும் வந்தது. செபிப்போர் அவரே; செபமும் அதுவே; மாறியது ஆட்சி எல்லை மட்டுமே.

இச்சட்டங்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு. ஒருவர் ஏன் மதம் மாறுகிறார்? 1981இல் நெல்லைச் சீமையின் மீனாட்சிபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கில் இசுலாத்தைத் தழுவியபோது நாடே அதிர்ந்தது. சாதிக்கொடுமை அங்கு எத்தனை ஆண்டுகளாக நீடித்தது என்பதைப் பற்றி அதே அளவு அதிர்ச்சி எழவில்லை. கிறித்தவத்திற்குச் சென்றோர்க்கும் முழு விடுதலை வாய்க்கவில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர்க்குரிய உரிமையை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கிற்று; சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர்; கிறித்தவரும் முசுலிம்களும் இன்றளவும் வெளியே நிற்கின்றனர். அவர்களையும் சேர்க்குமாறு தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் இயற்றியது. ஊரும் சேரியும் போலவே கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பிய திருச்சபைகள் தமிழகத்தில் இருந்ததையும் மறைத்தல் கூடாது. தெருவில் சாதியின் பெயரால் இழிவு; அரசு ஏட்டில் 'உனக்குச் சாதி இல்லை' என்னும் மறுப்பு; ஆலயத்திலோ மீண்டும் சாதி. இம்மூன்றையும் ஒருசேரச் சுமக்கும் மனிதரின் மனக்குறையைச் சமயப் பூசல் என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட இயலுமா?

இனி, ஒரே சமயத்திற்குள் நிகழ்ந்த ஒரு பூசலைக் காண்போம். பல நூற்றாண்டுகள் கத்தோலிக்கத் திருப்பலி இலத்தீனில் நிகழ்ந்தது. அது பெங்களூரில் எவர்க்கும் தாய்மொழியன்று. ஆதலின் அதன் பொருட்டு எவரும் சண்டையிடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் மக்கள் மொழிகளில் வழிபடும் வழியைத் திறந்தது. நல்ல சீர்திருத்தம். ஆனால் தமிழ்க் கத்தோலிக்கர் பெருந்தொகையினராக வாழும் பெங்களூரு மறைமாவட்டத்தில் அதுவே புதிய வினாவை எழுப்பிற்று: மக்கள் மொழி எனின் எம்மக்களின் மொழி? மண்ணின் மொழிக்கே முதலிடம் என்றனர் கன்னடக் கத்தோலிக்கர். தாய்மொழியில் மன்றாடும் உரிமை பிறப்புரிமை என்றனர் தமிழ்க் கத்தோலிக்கர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. பல ஆண்டுகள் ஆலய வாயில்களில் கசப்பும் இருந்தது. ஒரே சிலுவையின் கீழ் மண்டியிட்டோரை மொழி பிரித்தது.

இதற்கு நேர்மாறான காட்சியை 1991 காட்டிற்று. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும், அவ்வாண்டு டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர் தாக்கப்பட்டனர். பல்லாயிரம்பேர் எல்லை கடந்து தமிழகம் புகுந்தனர். விரட்டியவர் எவரும் அவர்களின் நெற்றியில் நீறு உண்டா, கழுத்தில் சிலுவை உண்டா என்று பார்க்கவில்லை. வாயிலிருந்து வரும் சொல்லையே பார்த்தனர். 2016 செப்டம்பரிலும் அவ்வாறே. பேருந்துகள் எரிந்தன, இருபுறப் பேருந்துகளும் எல்லையோடு நின்றுவிட, மூட்டையும் குழந்தையுமாக மக்கள் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே நடந்தே கடந்தனர்.

மொழிப் பூசல் ஒரே நாளில் சமயப் பூசலாக உருமாறியதும் உண்டு. 1994 அக்டோபரில் பெங்களூர்த் தொலைக்காட்சியில் உருதுச் செய்தி சில நிமிடங்கள் ஒளிபரப்பாகத் தொடங்கியது. கன்னடத்திற்கு இழைக்கப்பட்ட அநீதி என்று எழுந்த எதிர்ப்பு, முசுலிம் மக்கள் மீதான வன்முறையாக முடிந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலி கொண்டது. மூன்றே ஆண்டுகளுக்கு முன் தமிழர் மீது விழுந்த அடி, இம்முறை வேறு தோளில் விழுந்தது. நகரின் வளர்ச்சி தமக்கு எட்டவில்லை என்னும் ஏக்கமே இரு முறையும் சினத்திற்கு விறகாயிற்று.

இந்நோய் இந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் நடுவே, ஓசூரைப் போலவே ஒரு மேட்டுநிலத்தில் அமைந்தது ஜோஸ் நகரம். ஆங்கிலேயர் காலத்து வெள்ளீயச் சுரங்கங்கள் அந்நகரை வளர்த்தன. பிழைப்புத் தேடிப் பல இனத்தவர் வந்தனர். அவ்வாறு வந்தோருள் அவுசா மக்கள் பெரும்பாலும் முசுலிம்கள். பழங்குடியான பெரோம் முதலியோர் பெரும்பாலும் கிறித்தவர்கள். 2001 செப்டம்பரில் அங்கு மூண்ட கலவரத்தில் ஏறத்தாழ ஆயிரம்பேர் மாண்டனர். 2008இலும் 2010இலும் மீண்டும் குருதி சிந்திற்று. உலகம் அதனைக் கிறித்தவ–முசுலிம் போர் என்றது. உள்ளே சென்று பார்த்தவர் கண்டது ஒரு துண்டுத் தாளை. 'இம்மண்ணின் மைந்தர்' என்று உள்ளாட்சி மன்றம் வழங்கும் சான்றிதழ் அது. அரசு வேலைக்கும் கல்விச் சலுகைக்கும் அதுவே திறவுகோல். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர்க்கும் அது மறுக்கப்பட்டது. அதனை எல்லோர்க்கும் கொடுத்தால் தம் நிலமும் ஆட்சியும் பறிபோகும் என்று மண்ணின் மக்கள் அஞ்சினர். அந்த அச்சமும் பொய்யன்று.

அதே நைஜீரியாவின் தென்மேற்கில் யொருபா மக்களிடையே ஒரே குடும்பத்தில் அண்ணன் முசுலிமாகவும் தம்பி கிறித்தவராகவும் இருப்பது இயல்பு. ஒருவர் விழாவில் மற்றவர் விருந்துண்கிறார். இரு சமயங்களும் அருகருகே இருப்பதே பூசலுக்குக் காரணமெனின், அங்கும் தெருக்கள் எரிந்திருக்க வேண்டும்.

அந்நாட்டின் சினுவா அச்செபே 1958இல் வெளியிட்ட நாவல், என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என்று தமிழிலும் கிடைக்கிறது. அதில் தந்தையை விட்டுப் புதிய சமயத்திற்குச் செல்லும் மகனை இழுத்தது இறையியல் வாதம் அன்று. காட்டில் எறியப்பட்ட இரட்டைக் குழந்தைகளின் அழுகையும், உடன்பிறந்தான் போல் வளர்ந்தவனின் கொலையும் அவன் நெஞ்சில் விட்டுச்சென்ற கேள்விக்கு அப்பாடல் மருந்தாயிற்று. அச்செபே வந்தேறிகளின் ஆணவத்தையும் எழுதினார். தம் குலத்தின் கொடுமையையும் எழுதினார். எழுத்தாளர்க்குரிய நேர்மை அதுவே.

தமிழிலும் அத்தகைய மரபுண்டு. கத்தோலிக்கராகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தம் நம்பிக்கையைச் சிறிதும் விட்டுக்கொடாமல், எச்சமயத்தவரும் பாடத்தக்க சர்வசமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். அவரே முன்சீப்பாக இருந்து கையூட்டைக் கண்டித்தவர். தாது வருடப் பஞ்சத்தில் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தவர். பசியையும் முறைகேட்டையும் அவற்றின் உண்மைப் பெயராலேயே அழைத்ததனால் அவரது சமரசம் வெற்றுச் சொல்லாகாமல் நின்றது.

புலவர்க்கும் இவ்வெல்லையில் ஒரு சோதனை நேர்ந்தது. பெங்களூரு அல்சூரில் நிறுவிய திருவள்ளுவர் சிலை 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் திரையிட்டு மூடிக் கிடந்தது. எல்லாச் சமயத்தாரும் தம்மவர் என்று உரிமை கொண்டாடும் வள்ளுவரை மொழிப் பகை மூடிற்று. 2009 ஆகஸ்டில் அச்சிலை திறக்கப்பட்டது. அதே வாரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் எழுந்தது. ஒரு புலவரைத் திறக்க மற்றொரு புலவர் துணைவர வேண்டியிருந்தது.

இவ்வட்டத்தின் கவிஞர்கள் வாழும் மண் இது. அடுத்த பூசல் எழும்போது ஒற்றுமையே வலிமை என்று பாடுவது எளிது. அப்பாடல் எவரையும் புண்படுத்தாது, எவர்க்கும் உதவாது. ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியை, ஆலைக்கு நிலம் கொடுத்த தெலுங்கு உழவரின் ஏக்கத்தை, கன்னடச் சிற்றூரின் அச்சத்தை, சேரிக் கிறித்தவரின் இருமடங்கு இழப்பை அவ்வவற்றின் பெயர் சொல்லிப் பாடுவதே அரிது. இரண்டாம் பத்தாண்டில் இவ்வட்டத்தின் மேடையில் கன்னடக் கவிஞரும் தெலுங்குக் கவிஞரும் உருதுக் கவிஞரும் தத்தம் மொழியில் தத்தம் குறையைச் சொல்லட்டும். தமிழ் அதனைச் செவிமடுத்து மொழிபெயர்க்கட்டும். குறைக்குச் செவி கிடைக்கும் ஊரில் அது போர்வை தேடி அலைய வேண்டிய தேவை இராது.