கை ஆடாமல் படம் எடுப்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குழுக் கடனில் கறவை மாடு வாங்கியவங்க நம்மில் நிறைய பேர் இருக்கோம். மாட்டின் காதில் போடுற மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். காப்பீடு செய்த மாடு இறந்துபோனா, அந்த எண்ணைப் பார்த்துத்தான் இது அதே மாடுதான்னு உறுதி செய்வாங்க. நாம எடுத்த படத்தில் எண் கலங்கலா இருந்தா இழப்பீடு தள்ளிப்போகும். கடன் தவணை நமக்காகக் காத்திருக்காது. அதனால செல்போனைச் சரியாப் பிடிக்கக் கத்துக்குவோம்.

படம் ஏன் கலங்குது? வெளிச்சம் குறைந்த கொட்டகையில் கேமரா கூடுதல் நேரம் திறந்திருந்து வெளிச்சத்தை வாங்குது. அந்த நேரத்தில் கை லேசா அசைஞ்சாலும் எண் இழுபட்டுடும். அதனால மாட்டை வெளியே கட்டுங்க. ஒருத்தர் தலைக்கயிற்றைப் பிடிச்சுக்கட்டும்.

இனி இப்படிச் செய்யணும்:

1. கேமராக் கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடைங்க. மாவுக்கை, எண்ணெய்க்கை பட்டிருந்தா படம் மங்கலா விழும்.

2. போனை இரண்டு கையாலும் பிடிங்க. முழங்கை இரண்டும் விலாவை ஒட்டி இருக்கட்டும். கையை நீட்டிப் பிடிச்சா கட்டாயம் ஆடும்.

3. காலைச் சற்று அகட்டி நில்லுங்க. பக்கத்தில் தூணோ சுவரோ இருந்தா சாய்ஞ்சுக்கலாம். இறந்த மாடு தரையில் கிடந்தா, உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றிக்குங்க.

4. திரையில் வில்லை தெரியும் இடத்தை விரலால் தொடுங்க. எண் தெளிவா வந்ததும், மூச்சை மெதுவா விட்டுக்கிட்டே பொத்தானை அமுக்குங்க. வெடுக்குன்னு குத்தக் கூடாது.

5. விரலால் படத்தைப் பெரிசாக்கி எடுக்காம, நாமே கிட்டப் போகணும். ஆனா ஒரு சாண் தூரமாவது விடுங்க. ரொம்ப ஒட்டினாலும் கலங்கும்.

வில்லைக்கு ஒரு படம், முழு மாட்டுக்கு ஒரு படம்னு எடுங்க. எடுத்ததும் பெரிசாக்கி, 12 எண்ணையும் வாய்விட்டுப் படிங்க. ஒரு எண் தெரியலைன்னாலும் அங்கேயே மறுபடி எடுங்க. மாட்டைப் புதைச்ச பிறகு எடுக்க முடியாது.

வில்லை விழுந்துட்டா, உடனே கால்நடை மருத்துவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லி வேறு வில்லை போடணும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொருத்தரும் தங்கள் மாட்டு வில்லையின் படத்தோடு வாங்க. எண் தெளிவா இருக்கான்னு ஒருத்தருக்கொருத்தர் பார்த்துச் சொல்லுவோம். செல்போன் இல்லாத உறுப்பினருக்குப் பக்கத்து வீட்டு உறுப்பினர் எடுத்துக் கொடுக்கட்டும்.