இடம் கொடுப்பவர்கள்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘பத்திரிகை ஜனநாயகத்தின் நான்காவது தூண்’ என்று கரும்பலகையில் எழுதுகிறோம். பிள்ளைகளும் எழுதிக்கொள்கிறார்கள். அந்தத் தூண் எப்படி எழுந்தது என்பதை நம் ஊர்க் கதையிலிருந்தே சொல்லலாம்.

1908 மார்ச் 12இல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7இல் தீர்ப்பு வந்தது. அரசுக்கு எதிராகப் பேசியதற்காக வ.உ.சி.க்கு 20 ஆண்டுகள். சிவா பேசத் துணைநின்றதற்காக இன்னொரு 20 ஆண்டுகள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது என்றாலும், அந்த இரண்டாவது குற்றத்தைக் கவனியுங்கள். இன்னொருவர் பேச இடம் கொடுத்ததும் குற்றமாம்!

அதே ஆண்டு சென்னையிலிருந்து வந்த ‘இந்தியா’ வார இதழ் மீதும் வழக்குப் பாய்ந்தது. அதில் எழுதி, அதை நடத்தியவர் நெல்லை இந்துக் கல்லூரியில் படித்த பாரதியார். ஆனால் சட்டப்படி பதிவான ஆசிரியர் சீனிவாசன் என்பவர். சிறைக்குப் போனவரும் அவரே. பாரதியார் புதுச்சேரி சென்று இதழைத் தொடர்ந்தார். பிரிட்டிஷ் எல்லைக்குள் அது நுழையத் தடை வந்தது. வாசகரிடம் போய்ச் சேர முடியாத இதழ் 1910இல் நின்றுபோனது.

வெள்ளைக்காரனோடு இந்தக் கதை முடிந்துவிடவில்லை. ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற பம்பாய் இதழ் நம் மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று சென்னை அரசு தடை விதித்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து நான்கே மாதம், 1950 மே 26இல் தடை செல்லாது என்று தீர்ப்பானது. பிரிவு 19இல் ‘பத்திரிகை’ என்ற சொல்லே கிடையாது. கருத்துரிமை என்றால் அந்தக் கருத்து மக்களிடம் சென்று சேரும் உரிமையும்தான் என்று நீதிமன்றம் விளக்கியது.

மேடை, பதிப்பாளர், இதழ் வரும் வழி: குரலை அடக்க நினைப்பவர்கள் குறிவைப்பது இவற்றைத்தான். பள்ளியில் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் கொடுப்பவர்கள் நாம்.

‘மதியத்துக்கு மேல் குழாயில் தண்ணீர் வருவதில்லை’ என்று ஓர் ஆறாம் வகுப்பு மாணவி சுவரிதழில் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அதிகாரி பார்வைக்கு வருகிறார். அந்தத் தாளை நாம் கழற்றுவோமா?

கழற்ற வேண்டாம். ‘நீயே பார்த்தாயா? எத்தனை நாளாக வரவில்லை? தலைமையாசிரியரிடம் கேட்டாயா?’ என்று அவளிடம் கேட்போம். அவர் சொல்லும் பதிலையும் பக்கத்திலேயே ஒட்டச் சொல்வோம். யாரையும் இழிவுபடுத்தக் கூடாது, தன் பெயரைப் போட்டே எழுத வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுப்போம். பிரிவு 19இன் உரிமையும் அதன் வரம்பும் அந்த ஒரு தாளிலேயே அவளுக்குப் புரிந்துவிடும்.

பிறகு குழாயையும் சரிசெய்வோம். எழுதினால் நடக்கும் என்ற நம்பிக்கையோடு அவள் எட்டாம் வகுப்புக்குப் போகட்டும்.