வெந்நீர்த் தொட்டியும் 5 மில்லி ஆம்பியரும்



அமெரிக்க வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பேசப்போவது வீட்டில் பீர் காய்ச்ச வெந்நீர் போடும் தொட்டியைப் பற்றி. (சிரிக்காதீங்க! அங்கே 1978-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமே அதை அனுமதித்துவிட்டது.)

முளைகட்டிய பார்லியை ஊற வைக்கவும் அலசவும் சூடான தண்ணீர் வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் துளை போட்டு, 240 வோல்ட், 5500 வாட் ஹீட்டரைப் பொருத்தினேன். 50 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்கு வர 35 நிமிஷம் என்று கணக்கு.

மூன்றாம் நிமிஷமே மின்கசிவைக் கண்டு அணையும் சுவிட்ச் விழுந்தது. திரும்பப் போட்டேன், திரும்ப விழுந்தது. ‘இது சும்மா படுத்துது’ன்னு அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்க ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டேன். நம்ம கல்லூரிப் பட்டதாரி!

பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன், கையைப் பிடித்தார். “5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழும். கசிவைத் தேடு.”

மூடியைத் திறந்தால், வாஷர் ஓரமாக நீர் இறங்கி மின்முனையை நனைத்திருந்தது. எர்த் கம்பியின் திருகோ கையாலேயே சுழன்றது. அதுவும் கழன்றிருந்தால் தொட்டி முழுக்க மின்சாரம். என் பையன் தொட்டியை ஒட்டித்தான் நின்றிருந்தான்.

புது வாஷர் ஒரு டாலர்கூட இல்லை. முதல் பீர் புளிச்சுப் போனது தனிக் கதை.