கரைஞ்சு போறதுதான் இதோட வேலை: படகு அடிக்கு எந்த பெயின்ட்?

இன்னைக்கு எபிசோடு ஒரு பெயின்ட் டப்பாவைப் பத்தி. சுவத்துக்கு அடிக்கிற பெயின்ட் இல்ல. பாய்மரப் படகுல எப்பவும் தண்ணிக்குள்ளேயே இருக்கிற அடிப்பாகத்துக்கு அடிக்கிற ஆன்டிஃபவுலிங் பெயின்ட். "நான் எங்கடா படகு வாங்கப் போறேன்"னு நீங்க நினைக்கிறது புரியுது. ஒரு அஞ்சு நிமிஷம் கூட வாங்க. கடைசியில இது உங்களுக்கும் சம்பந்தப்பட்ட கேள்வியா மாறும்.

முதல்ல, இது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லிடறேன். 2018 ஜூலை 1ஆம் தேதி பிரான்ஸ்ல கோல்டன் குளோப் ரேஸ் ஆரம்பிக்குது. தனி ஆளா, எங்கேயும் நிக்காம, உலகத்தைச் சுத்தி வரணும். 1968ல இருந்த மாதிரி கருவிகள் மட்டும்தான்; ஜிபிஎஸ் பார்த்து ஓட்டக் கூடாது. நம்ம ஊர்ல இந்த ரேஸைத் தெரிஞ்சவங்களுக்கு கமாண்டர் அபிலாஷ் டோமி ஞாபகத்துக்கு வருவார். தெற்கு இந்தியப் பெருங்கடல் புயல்ல பாய்மரம் உடைஞ்சு, முதுகுல பலமா அடிபட்டு மீட்கப்பட்டவர். அதே ரேஸ்ல ஜெயிச்ச பிரெஞ்சுக்காரர் ழான்-லுக் வான் டென் ஹீட் சுமார் 212 நாள்ல கரை சேர்ந்தார். அஞ்சாவதா வந்த ஃபின்லாந்துக்காரர் தாபியோ லெஹ்தினனுக்கு 322 நாள் ஆச்சு. ரெண்டு பேர் படகும் 36 அடிதான். ஆனா வித்தியாசம் 110 நாள். அவர் அவ்வளவு மெதுவா வந்ததுக்குப் பெரிய காரணம் படகுக்கு அடியில கொத்துக் கொத்தா வளர்ந்த பார்னக்கிள்.

பார்னக்கிள்னா என்ன? பார்த்தா சிப்பி மாதிரி இருக்கும். ஆனா அது நண்டு, இறாலோட சொந்தக்காரன். குஞ்சா இருக்கும்போது நீந்திக்கிட்டே இடம் தேடும். பிடிச்ச இடம் கிடைச்சதும் தலையை வச்சு ஒட்டிக்கும். அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க அங்கேயேதான். டார்வின் எட்டு வருஷம் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணின உயிரி இது.

ஒரு சுத்தமான படகைக் கடல்ல இறக்கினா, கொஞ்ச நேரத்துலயே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படியும். அடுத்து பாக்டீரியா, நுண்பாசி எல்லாம் சேர்ந்து வழவழன்னு ஒரு சவ்வு. அப்புறம் புல்லு மாதிரி பாசி, பிறகு பார்னக்கிள். அடிப்பாகம் சொரசொரப்பா ஆக ஆக, தண்ணி படகைப் பிடிச்சு இழுக்கும். மோட்டார் படகுன்னா டீசல் அதிகமா குடிக்கும். பாய்மரப் படகுல கூட்ட வேற எதுவும் இல்ல. வேகம் போச்சுன்னா போச்சுதான்.

சரி, இதுக்கு என்ன தீர்வு? 1761ல பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்'ங்கிற மரக்கப்பலோட அடியில செம்புத் தகடு அடிச்சுப் பார்த்தது. பாசியும் மரத்தைத் துளைக்கிற புழுவும் கிட்ட வரல. ஆனா கப்பல் திரும்பி வந்தப்போ, செம்பு தொட்டுக்கிட்டு இருந்த இரும்பு ஆணிகள் அரிச்சுப் போயிருந்துச்சு. ரெண்டு வேற வேற உலோகம், நடுவுல உப்புத் தண்ணி. அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செஞ்சு இரும்பைத் தின்னுடுச்சு.

அடுத்து வந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. செம்புத் தகடும் கடல்ல மெதுவா கரையுது, செலவு தாங்கலைன்னு கடற்படை வேதியியலாளர் ஹம்ப்ரி டேவிகிட்ட போகுது. 1824ல அவர் ஒரு அருமையான வழி சொல்றார். செம்போட துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ சேர்த்து வைங்க, அது கரையும், செம்பு பிழைச்சுக்கும். சொன்ன மாதிரியே செம்பு கரையல. ஆனா பார்னக்கிள் திரும்ப வந்து ஒட்டிக்கிச்சு! பக் ஃபிக்ஸ் பண்ணப் போய் ஃபீச்சரே போயிடுச்சுன்னு நம்ம ஆபீஸ்ல சொல்லுவோமே, அதேதான். ஏன்னா, செம்பு கரைஞ்சதாலதான் பாசி வராம இருந்துச்சு. கரையறதுதான் அதோட வேலை.

இன்னைக்கு எபிசோடுல நீங்க எடுத்துட்டுப் போக வேண்டிய ஒரே விஷயம் இதுதான். வீட்டுச் சுவத்துப் பெயின்ட் அப்படியே நின்னாதான் நல்ல பெயின்ட். ஆன்டிஃபவுலிங் கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில போயிட்டே இருந்தாதான் வேலை செய்யும். அதனால "எது பெஸ்ட் பெயின்ட்?"னு கேட்கிறதுல பிரயோஜனம் இல்ல. கேட்க வேண்டியது ரெண்டு கேள்வி. எவ்வளவு வேகமா கரையணும்? கரைஞ்சது எங்கே போகுது?

ரெண்டாவது கேள்வியை யாரும் கேட்காம விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு பிரான்ஸோட அர்காஷோன் விரிகுடா சாட்சி. ஆழம் குறைஞ்ச, ஏறக்குறைய மூடின குடா அது. சிப்பி வளர்ப்புதான் அங்கே பிழைப்பு. அதே தண்ணியில உல்லாசப் படகுகளும் நிறைய. அந்தப் படகுகள்ல பூசின பெயின்ட்ல டிரைபியூட்டைல்டின், சுருக்கமா டிபிடி, இருந்துச்சு. பார்னக்கிளைத் தடுக்கிறதுல அதை அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா 1970களோட கடைசியில சிப்பிக் குஞ்சுகள் பிழைக்காம போக ஆரம்பிச்சுது. வளர்ந்த சிப்பிக்கு ஓடு மட்டும் அடுக்கடுக்கா தடிச்சு, உள்ள சதையே இல்ல. சில வருஷத்துல அந்த ஊர்த் தொழிலே படுத்துடுச்சு. 1982ல பிரான்ஸ் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு டிபிடியைத் தடை பண்ணினதுக்கு அப்புறம்தான் சிப்பி மீண்டு வந்துச்சு. இங்கிலாந்துப் பக்கம் பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்தது. அதுக்கும் காரணம் இதுதான். ஒரு லிட்டர் தண்ணியில நானோகிராம் கணக்குல இருந்தாலே போதும். உலகம் முழுக்க கப்பல்களுக்கும் சேர்த்துத் தடை போட்ட சர்வதேச ஒப்பந்தம் 2001ல கையெழுத்தாகி, 2008 செப்டம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு.

இப்போ பெரும்பாலான டப்பாவுல இருக்கிறது செம்புதான், முக்கியமா குப்ரஸ் ஆக்சைடு. டிபிடி அளவுக்கு மோசம் இல்ல. ஆனாலும் ஒரு மூடின மரினாவுல நூத்துக்கணக்கான படகு நின்னா, அத்தனை படகுல இருந்தும் கரையற செம்பு அங்கேயே தங்கும். அமெரிக்காவுல சான் டியேகோவோட ஷெல்ட்டர் ஐலண்ட் படகுத்துறைக்குள்ள போய்ச் சேர்ற செம்பை 76 சதவீதம் குறைக்கணும்னு 2005ல விதி போட்டாங்க. 2018ல இருந்து கலிஃபோர்னியாவுல விக்கிற உல்லாசப் படகுச் செம்புப் பெயின்ட், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு நாளைக்கு 9.5 மைக்ரோகிராமுக்கு மேல செம்பு விடக் கூடாது. ஸ்வீடன்ல மேற்குக் கரைக்கு ஒரு விதி, உப்பு குறைஞ்ச பால்டிக் கரைக்கு அதைவிடக் கடுமையான விதி. அதனால வாங்கறதுக்கு முன்னாடி உங்க தண்ணிக்கு என்ன சட்டம்னு பாருங்க.

இப்போ பெயின்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு வருவோம். நாலு கேள்வி.

முதல் கேள்வி: படகு எதுல செஞ்சது? ஃபைபர்கிளாஸ்னா கவலை இல்ல. அலுமினியம்னா குப்ரஸ் ஆக்சைடு பக்கமே போகாதீங்க. 'அலார்ம்' கப்பலோட ஆணிக்கு ஆனது உங்க படகுக்கே ஆகும். அலுமினியத்துக்குன்னே செம்பில்லாத பெயின்ட் இருக்கு. குப்ரஸ் தயோசயனேட் போட்டதும் இருக்கு. தயாரிப்பாளர் சொல்ற எபாக்சி பிரைமர் மேலதான் அதை அடிக்கணும். படகு ஃபைபர்கிளாஸா இருந்தாலும் அடியில இருக்கிற செயில்டிரைவ் கால் அலுமினியமா இருக்கலாம்; அதைக் கவனிங்க. துத்தநாக ஆனோடு மேல எந்தப் பெயின்டும் அடிக்காதீங்க. அது கரையறதுக்குத்தான் அங்கே இருக்கு, மூடிட்டா வேலை செய்யாது.

ரெண்டாவது கேள்வி: படகு எவ்வளவு ஓடும்? இதுதான் முக்கியம். அடிக்கடி ஓடுற படகுக்கு 'செல்ஃப் பாலிஷிங்' வகை நல்லது. சோப்பு மாதிரி மேல் அடுக்கு தேய்ஞ்சு தேய்ஞ்சு போக, புதுசா மருந்துள்ள அடுக்கு வெளியே வரும். எத்தனை கனமா அடிக்கிறீங்களோ அத்தனை நாள் வரும். ஆனா படகு மாசக்கணக்குல கட்டியே கிடந்தா தேய்மானம் குறையும், மேல சவ்வு படியும். 'ஹார்டு' வகை அப்படித் தேயாது. கெட்டியா நிக்கும், மருந்து மட்டும் உள்ள இருந்து கசியும். அதை மெதுவான துணியால துடைக்கலாம். வழவழன்னு தேய்ச்சு விடலாம்னு ரேஸ்காரங்களுக்குப் பிடிக்கும். ஆனா மருந்து தீர்ந்ததும் காலிக்கூடு அங்கேயே நிக்கும். வருஷா வருஷம் அது மேலயே அடிச்சா அடுக்கு சேர்ந்து, ஒரு நாள் மொத்தமா உரிய ஆரம்பிக்கும். டெக்னிக்கல் டெப்ட்தான், வேற என்ன. செல்ஃப் பாலிஷிங் அடிச்ச படகைத் தண்ணிக்குள்ள வச்சு அழுத்தித் தேய்க்காதீங்க. செம்பு மேகம் மாதிரி கிளம்பும், உங்க காசும் கூடவே போகும்.

மூணாவது கேள்வி: எந்தத் தண்ணி? நன்னீர்ல பார்னக்கிள் வராது, பாசி சவ்வுதான் பிரச்சினை. அங்கே கடல் அளவுக்கு மருந்து போட்ட பெயின்ட் அடிக்கிறது அநாவசியம். ஐரோப்பாவுல பல படகுகளைக் குளிர்காலத்துல கரையேத்திடுவாங்க. நம்ம பக்கத்து வெதுவெதுப்பான கடல்ல வருஷம் பூரா வளரும். அதனால அங்கத்திய "ஒரு சீசன்" கணக்கு இங்கே செல்லாது.

நாலாவது கேள்வி: ஏற்கெனவே அடியில என்ன இருக்கு? எல்லாப் பெயின்டும் எல்லாப் பெயின்ட் மேலயும் ஒட்டாது. பழசு என்னன்னு தெரியலைன்னா, நடுவுல ஒட்டுப் பூச்சு ஒண்ணு போடணும், இல்ல மொத்தமா எடுத்துட்டு ஆரம்பிக்கணும். சிலிக்கோன் பூச்சுக்கு இது இன்னும் கறார். சிலிக்கோன் யாரையும் கொல்றதில்ல, வழுக்கி விடறது மட்டும்தான். நல்ல வேகத்துல ஓடுற படகுக்கு அருமை. ஆனா விலை அதிகம், கீறினா போச்சு, அது மேல வேற எதுவும் ஒட்டாது.

செம்பில்லாத வகையில ஒரு சுவாரசியமான ஆள் இருக்கார்: மெடடோமிடின். கால்நடை மருத்துவர்கள் நாயை மயக்கத்துல வைக்கக் கொடுக்கிற மருந்து. அதே மருந்து பார்னக்கிள் குஞ்சுக்கு நேர் எதிரா வேலை செய்யுது. துள்ளித் துள்ளி நீந்த வைக்குது, ஓர் இடத்துல உட்கார விடறதில்ல. கொல்லாம விரட்டுது. ஆனா பாசி சவ்வை இது தடுக்காது, அதனால வேற பொருளோட சேர்த்துத்தான் பெயின்ட்ல வரும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். கொச்சி போல்காட்டி மரினாவுல ஒரு 30 அடி ஃபைபர்கிளாஸ் படகுன்னு வச்சுக்குவோம். வெதுவெதுப்பான காயல் தண்ணி. மழைக்காலத்துல ஆத்துத் தண்ணி கலந்து உப்பு குறையும். வாராவாரம் கடலுக்குப் போற படகுன்னா நான் செல்ஃப் பாலிஷிங் எடுப்பேன். மாசத்துக்கு ஒரு தடவைதான் அவிழ்க்கிறதுன்னா, துடைக்க ஆளும் இருந்தா, ஹார்டு வகை. எவ்வளவு வேணும்? நீர்மட்ட நீளம் 8 மீட்டர், அகலம் 3, ஆழம் 1.5. அகலத்தையும் ஆழத்தையும் கூட்டி நீளத்தால பெருக்குங்க, 36. சாதாரண கீல் வச்ச பாய்மரப் படகுக்கு அதுல முக்கால் பங்கு, 27 சதுர மீட்டர். ரெண்டு கோட்டுக்கு 54. லிட்டருக்கு 10 சதுர மீட்டர்னு டப்பாவுல போட்டிருந்தா அஞ்சரை லிட்டர். நீர்மட்டக் கோடு, கீல், சுக்கானோட முன்விளிம்பு இங்கெல்லாம் சீக்கிரம் தேயும். அங்கே மூணாவது கோட்டு போட இன்னும் கொஞ்சம் வாங்குங்க.

ஒரு சின்ன டிரிக்: செல்ஃப் பாலிஷிங்ல முதல் கோட்டை ஒரு நிறத்துலயும் அடுத்ததை வேற நிறத்துலயும் அடிங்க. கீழ் நிறம் எட்டிப் பார்க்க ஆரம்பிச்சா அடுத்த பூச்சுக்கு நேரம் வந்தாச்சுன்னு அர்த்தம். பழைய பெயின்டை உலர்ந்த நிலையில தேய்க்காதீங்க. அந்தத் தூசி விஷம். ஈரமாத் தேய்ங்க, முகமூடி போடுங்க, கழிவை அள்ளித் தனியா கொடுங்க. தண்ணியில தள்ளிவிட்டா, இவ்வளவு நேரம் பேசினதுக்கு அர்த்தமே இல்ல.

எந்தப் பெயின்டும் வேண்டாம்ங்கிற ஒரு வழியும் இருக்கு. சென்னைத் துறைமுகத்துல ஓடுற சின்ன டிங்கி படகுகளுக்கு இந்தத் தொல்லையே இல்ல. ஓட்டி முடிச்சதும் கரையேத்திடுவாங்க. கட்டுமரத்தைத் தினமும் மணல்ல இழுத்துப் போட்டுக் காய வைக்கிற நம்ம கடற்கரை வழக்கத்துலயும் இதே பலன் இருக்கு. வெயில்ல காயற மரத்துல பார்னக்கிள் எப்படிக் குடித்தனம் பண்ணும்? உங்க படகு தூக்கி வைக்கிற அளவுதான்னா, அதைவிட மலிவான, சுத்தமான ஆன்டிஃபவுலிங் கிடையாது.

தூக்க முடியாத படகுன்னா பெயின்ட் அடிச்சுத்தான் ஆகணும். அப்போ டப்பாவைத் திருப்பி லேபிளைப் படிக்கும்போது "எத்தனை மாசம் வரும்?"ங்கிற கேள்வியோட நிறுத்திடாதீங்க. அத்தனை மாசமும் அது எங்கேயோ போய்க்கிட்டேதான் இருக்கும். அங்கே யாரோ சிப்பி வளர்க்கலாம், யாரோ வலை வீசலாம். நீங்க வாங்கற மீனும் அந்தத் தண்ணியில இருந்து வரலாம். தேவைக்கு மேல ஒரு சொட்டுகூட வேண்டாம்.

அவ்வளவுதான் மக்களே. கேள்வி இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசலாம்.