ஷெட்லாந்து மட்டக்குதிரை



மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று நம் பெரியோர் சொல்வார்கள். இந்தப் பழமொழிக்கு எடுத்துக்காட்டாக ஒரு விலங்கைக் காட்டச் சொன்னால், ஷெட்லாந்து மட்டக்குதிரையை நாம் தயங்காமல் காட்டலாம். நான்கு வயது நிறைந்த பின்னும் இதன் உயரம் 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது இவ்வினத்துக்கு வகுக்கப்பட்ட விதி. அதாவது, ஏறத்தாழ 107 சென்டிமீட்டர். குதிரையின் உயரத்தைத் தலை வரை அளப்பதில்லை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுப் பகுதி வரை அளப்பதே வழக்கம். பிரிட்டனுக்கே உரிய மட்டக்குதிரை இனங்களுள் இதுவே மிகச் சிறியது. இந்தச் சிறிய உருவமே அதற்கு வாழ்வளித்தது. பின்னர் ஒரு காலத்தில் அதுவே பெருந்துன்பத்துக்கும் காரணமாயிற்று. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

முதலில் இக்குதிரையின் பிறந்தகத்தைத் தெரிந்துகொள்வோம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, நார்வே நாட்டை நோக்கிய கடற்பரப்பில், நூறுக்கு மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவையே ஷெட்லாந்துத் தீவுகள். அவற்றுள் மனிதர் வாழ்வன மிகச் சில. அங்கே எந்த இடத்தில் நின்றாலும் கடல் ஐந்து கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில்தான் இருக்கும். உப்புக் காற்று ஓயாமல் வீசுவதால் மரங்கள் அரிது. நமது நாட்டில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன அல்லவா? அங்கே கோடைக்காலத்தின் நடுவில் பகல் ஏறத்தாழ 19 மணி நேரம் நீடிக்கும். குளிர்காலத்தின் நடுவிலோ ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகவே வெளிச்சம் இருக்கும்.

இத்தகைய மண்ணில் சிறு குதிரைகள் மிகப் பழங்காலம் தொட்டே வாழ்ந்து வருகின்றன. அங்கு நடந்த அகழ்வாராய்ச்சிகளில் அவற்றின் எலும்புகள் கிடைத்துள்ளன. பாப்பில் என்னும் இடத்தில் கிடைத்த பழைய கல் ஒன்றில், துறவிகள் வரிசையாகச் செல்வதும், அவர்களில் ஒருவர் சிறு குதிரை மீது அமர்ந்து செல்வதும் செதுக்கப்பட்டுள்ளன. அக்கல்லின் வயது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல்.

குதிரையின் உடலமைப்பைப் பார்ப்போம். தலை சிறியது, நெற்றி அகன்றது, காதுகள் குறுகியவை. மார்பு அகன்று ஆழமாக இருக்கும். கால்கள் குட்டையானாலும் உறுதி மிக்கவை. குளம்புகள் கடினமானவை. பிடரி மயிரும் வாலும் அடர்ந்து நீண்டிருக்கும். குளிர்காலம் வந்ததும் உடல் முழுவதும் இரட்டை உரோமப் போர்வை வளர்ந்துவிடும். உள்ளே இருக்கும் மென்மையான உரோமம் உடற்சூட்டைக் காக்கும்; வெளியே நீண்டிருக்கும் உரோமம் மழைநீரை வழித்து இறக்கிவிடும். கோடை வந்ததும் இந்தப் போர்வை உதிர்ந்து, வழவழப்பான மெல்லிய உரோமம் தோன்றும். கறுப்பு, செம்பழுப்பு, சாம்பல் என இவ்வினத்தில் பல நிறங்கள் உண்டு. சிறுத்தையைப் போன்ற புள்ளிகள் மட்டும் ஏற்கப்படுவதில்லை.

உடல் ஏன் இவ்வளவு சிறுத்தது? தீனி குறைந்த நிலத்தில் பெரிய உடலைப் பேணுவது கடினம். சிறிய உடலுக்குச் சிறிதளவு புல் போதும். மலைச்சரிவின் வறண்ட புல்லையும் புதர்ச் செடிகளையும் மேய்ந்து இவை உயிர் வாழும். கடுங்குளிர் காலத்தில் கடற்கரைக்கு இறங்கி வந்து, அலை ஒதுக்கிய கடற்பாசியையும் தின்னும். இப்படிப் பழகிய குதிரையைச் செழிப்பான புல்வெளியில் விட்டுவிட்டால் நன்மை வராது. அளவுக்கு மீறித் தின்று, குளம்புக்குள் அழற்சி உண்டாகி, நடக்கவும் முடியாமல் அவதிப்படும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இதன் மட்டில் முற்றிலும் உண்மை.

ஷெட்லாந்துக் குடியானவர்கள் சிறு நிலங்களில் பயிர் செய்தும் மீன் பிடித்தும் பிழைத்தவர்கள். ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் அவர்களுடைய குதிரைகள் மேய்ந்தன. மரமில்லாத நாட்டில் அடுப்பெரிக்க என்ன செய்வது? ஈர நிலத்தில் செடிகொடிகள் பல நூற்றாண்டுகளாக மக்கி, பீட் என்னும் கரிமண்ணாகப் படிந்திருக்கும். அதைக் கட்டி கட்டியாக வெட்டி, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, விறகுக்குப் பதிலாக எரிப்பார்கள். உலர்ந்த கரிமண்ணை மேட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதே மட்டக்குதிரையின் முக்கிய வேலை. கிளிபர் என்னும் மரச் சேணத்தை முதுகில் கட்டி, அதன் இருபுறமும் வைக்கோலால் பின்னிய கிஷி என்னும் கூடைகளைத் தொங்கவிடுவார்கள். குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சதுப்பு நிலத்தில் தடம் பிசகாமல் இறங்கி வரும்.

குதிரையின் வால்மயிருக்கும் மதிப்பிருந்தது. அதைத் திரித்து மீன் பிடிக்கும் தூண்டில் கயிறு செய்தார்கள். பிறருடைய குதிரையின் வாலையோ பிடரியையோ கத்தரிப்பவருக்குத் தண்டம் விதிக்கும் விதி, அத்தீவுகளின் பழைய சட்டங்களில் இடம்பெற்றிருந்தது. ஒரு பிடி மயிருக்கும் சட்டத்தின் காவல் இருந்தது என்றால், அக்குடும்பங்களுக்கு இக்குதிரை எவ்வளவு வேண்டியதாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, கதை தீவுகளை விட்டு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் செல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே பூமிக்கடியில் நிலக்கரி வண்டிகளைத் தள்ளியவர்களிலும் இழுத்தவர்களிலும் சிறுவர் சிறுமியரும் பெண்களும் இருந்தார்கள். 1838ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4ஆம் நாள், யார்க்‌ஷயரின் சில்க்ஸ்டோன் பகுதியில் பெருமழை பெய்து, ஹஸ்கர் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. அதில் 26 பிள்ளைகள் மாண்டார்கள். அவர்களுள் மிக இளையோருக்கு ஏழே வயது. நாடு அதிர்ந்தது. அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. குழுவின் அறிக்கை வெளிவந்த 1842ஆம் ஆண்டிலேயே புதிய சட்டம் பிறந்தது. பெண்களும், பத்து வயதுக்குக் குறைந்த ஆண்பிள்ளைகளும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது என அச்சட்டம் விதித்தது.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஆனால், வண்டிகளை இழுக்க யாராவது வேண்டுமே! கூரை தாழ்ந்த சுரங்கப் பாதைகளில் பெரிய குதிரை நுழைய முடியாது. சுரங்க முதலாளிகளின் பார்வை ஷெட்லாந்தின் மீது விழுந்தது. தாழ்ந்த உயரம், உருவத்துக்கு மீறிய வலிமை, சாதுவான குணம், குறைந்த தீனி ஆகிய யாவும் அவர்களுக்கு ஏற்றவையாக இருந்தன. ஆண் குதிரைகள் கப்பல் கப்பலாகத் தீவுகளை விட்டுச் சென்றன. ஆழமான சுரங்கங்களில் குதிரை இலாயமும் பூமிக்கடியிலேயே இருந்தது. அங்கு இறங்கிய குதிரை, சுரங்கம் விடுமுறைக்காக மூடப்படும் சில நாட்களைத் தவிர, சூரிய ஒளியைக் காணாது.

அவற்றோடு வேலை செய்த தொழிலாளர்கள் அவற்றின் அறிவைப் பற்றிப் பல செய்திகள் சொல்வதுண்டு. வண்டிகளை மாட்டும்போது எழும் சங்கிலி ஓசையைக் குதிரை எண்ணிக்கொண்டிருக்குமாம். வழக்கத்துக்கு மேல் ஒரு வண்டியை மாட்டினால் நகர மறுக்குமாம். கூரை சரியப் போவதை முன்னரே உணர்ந்து, அடி எடுத்து வைக்காமல் நின்று, உடனிருந்தவரின் உயிரைக் காத்த குதிரைகளையும் அவர்கள் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள்.

இதற்கிடையே தீவுகளில் வேறொரு கேடு விளைந்தது. நல்ல ஆண் குதிரைகளெல்லாம் விலைபோய்விட்டதால், எஞ்சியவற்றைக் கொண்டே இனப்பெருக்கம் நடந்தது. இனத்தின் தரம் தாழ்ந்தது. விதைநெல்லை விற்றுவிட்டவன் அடுத்த போகத்துக்கு என்ன செய்வான்? டர்ஹம் பகுதியில் சுரங்கங்கள் வைத்திருந்த லண்டன்டெரி பிரபுவும் இந்நிலையைக் கண்டார். அவர் பிரெஸ்ஸே, நாஸ் என்னும் தீவுகளில் நிலம் குத்தகைக்கு எடுத்து, சிறந்த குதிரைகளைத் தேர்ந்து வளர்க்கலானார். அவரது நோக்கம் சுரங்கத்துக்கு வலிய குதிரைகளைப் பெறுவதே. ஆயினும் ஜாக் முதலிய அவரது ஆண் குதிரைகளின் வழித்தோன்றல்களால் இவ்வினம் மீண்டும் செழித்தது. 1890ஆம் ஆண்டில் ஷெட்லாந்து மட்டக்குதிரை வம்சப் பதிவேட்டுச் சங்கம் அமைந்தது. பிரிட்டனின் மட்டக்குதிரை இனங்களுக்கென அமைந்த இத்தகைய சங்கங்களுள் இதுவே மூத்தது. ஒவ்வொரு குதிரையின் தாய் தந்தையர் விவரமும் அப்பதிவேட்டில் இடம்பெறத் தொடங்கின.

சுரங்கக் குதிரைகளுக்குச் சட்டத்தின் காவல் எப்போது கிடைத்தது? 1887ஆம் ஆண்டுச் சட்டம், அவை நடத்தப்படும் முறையைப் பார்வையிட ஆய்வாளர்களுக்கு முதன்முதலாக அதிகாரம் தந்தது. பிள்ளைகளுக்கான சட்டம் வந்து 45 ஆண்டுகள் கழித்தே இது வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் விரிவானது. நான்கு வயது நிரம்பாத குதிரையைச் சுரங்கத்தில் இறக்கக் கூடாது. பார்வையற்ற குதிரையை வேலை வாங்கக் கூடாது. ஒவ்வொரு குதிரையின் நிலையையும் நாள்தோறும் எழுதி வைக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. 1913ஆம் ஆண்டில் பிரிட்டனின் சுரங்கங்களில் பல இனங்களையும் சேர்ந்த ஏறத்தாழ 70,000 குதிரைகள் உழைத்தன. பின்னர் இயந்திரங்கள் பெருகின. 1994ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் நிலக்கரிக் கழகத்தின் சுரங்கங்களில் கடைசியாக வேலை பார்த்த நான்கு மட்டக்குதிரைகள், எல்லிங்டன் சுரங்கத்திலிருந்து வெளியே கொண்டுவரப்பட்டு ஓய்வு பெற்றன.

இன்று ஷெட்லாந்து மட்டக்குதிரை உலகின் பல நாடுகளில் வளர்கிறது. சிறுவர்கள் குதிரையேற்றம் பழகவும், சிறு வண்டிகளை இழுக்கவும் அது பயன்படுகிறது. ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்று குருவாக்கன் என்ற பெயரில் ஒரு ஷெட்லாந்துக் குதிரையைத் தன் சின்னமாகப் போற்றி வருகிறது. ஒன்று ஓய்வு பெற்றால், அடுத்தது அதே பெயரைத் தாங்கும். தீவுகளிலோ, இலையுதிர் காலத்தில் குதிரைக்குட்டிகளின் விற்பனை லெர்விக் நகரில் நடைபெறுகிறது.

நேயர்களே, சுரங்கத்தில் வண்டி இழுத்த பிள்ளைக்குத் தன் துன்பத்தை எடுத்துச் சொல்ல வாயிருந்தும், கேட்பார் இல்லை. அப்பிள்ளையின் இடத்துக்கு வந்த குதிரைக்கோ பேசவே வாயில்லை. இருவர் நிலையையும் மாற்றியது ஒரே வழிதான்: யாரோ சிலர் இறங்கிப் பார்த்தார்கள், பார்த்ததை எழுதி வைத்தார்கள், எழுதியதை அரசாங்கம் சட்டமாக்கியது. ஓர் உயிரின் சுமையை இறக்கும்போது, அது வேறு எந்த உயிரின் முதுகில் ஏறுகிறது என்றும் நாம் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். 42 அங்குல உயரமே உள்ள இக்குதிரையின் வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.