பில்லில் ஒரே சோதனைக்கு இரண்டு விலையா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லேபில் ரத்தம் கொடுக்கிறோம், பில்லின் கடைசி வரியில் உள்ள தொகையைக் கட்டிவிட்டு வருகிறோம். இனிமேல் மற்ற வரிகளையும் படியுங்கள்.

எல்.எஃப்.டி. என்பது கல்லீரலுக்கான தொகுப்புச் சோதனை. பிலிருபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. எல்லாம் அதற்குள் அடக்கம். அதே பில்லில் எஸ்.ஜி.பி.டி.க்குத் தனி விலையும் இருந்தால், ஒரே வேலைக்கு இரண்டு கூலி என்று அர்த்தம்.

அமெரிக்காவில் போதைப்பொருள் பரிசோதனையில் இது பெரிய பிரச்சினை. ஒரே சிறுநீர் மாதிரியில் பல பொருள்களைத் தேடலாம். ஒவ்வொன்றுக்கும் தனி பில் போட்டால் தொகை எங்கோ போய்விடும். அங்குள்ள அரசுக் காப்பீடான மெடிகேர் இதைக் குறியீடுகளால் கட்டுப்படுத்துகிறது. முதற்கட்டச் சோதனைக்கு 80305 முதல் 80307 வரை. உறுதிச் சோதனைக்கு ஜி0480 முதல் ஜி0483 வரை: 7 வகை வரை முதல் குறியீடு, 22 வகையும் அதற்கு மேலும் என்றால் கடைசிக் குறியீடு. எதுவானாலும் ஒரு நாளைக்கு ஒரு முறைதான்.

வெளிநாட்டு வேலை, கப்பல் வேலைக்காக உங்கள் பிள்ளைகளிடம் இந்தச் சோதனை கேட்கப்பட்டால், எத்தனை வகை, முதற்கட்டமா, உறுதிச் சோதனையா, மொத்த விலை என்ன என்று முதலிலேயே கேளுங்கள். சாப்பிடும் மருந்துகளையும் சொல்லிவிடுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தாலும் 'பாசிட்டிவ்' வரலாம். உறுதிச் சோதனை செய்யாமல் அதை முடிவாக ஏற்காதீர்கள். போவது பிள்ளையின் வேலை.

நம்மிடமும் குறியீடு உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு குறியீடு, ஒரு நிர்ணயத் தொகை. அந்தச் சிகிச்சைக்கான மருந்தும் பரிசோதனையும் அதற்குள்ளேயே அடக்கம். கார்டில் சேர்ந்த பிறகு "இந்த டெஸ்டுக்கு மட்டும் வெளியே கட்டுங்கள்" என்றால், பணத்தை எடுப்பதற்கு முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.

தனியாரிடம் கட்டினாலும் வரிவாரியான பில்லும் ரசீதும் கேட்டு வாங்கி வையுங்கள். குறை இருந்தால் முதலில் அங்கேயே பேசுங்கள். தீராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. கையில் ரசீது இல்லாமல் எங்கும் பேச முடியாது.