விறகு அறுக்கும் சங்கிலி ரம்பம்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை
(உழவர் கூட்ட உரை)

2011 டிசம்பர் 30-ஆம் நாள் வந்த தானே புயலையும், 2024 நவம்பர் 30-ஆம் நாள் வந்த ஃபெஞ்சல் புயலையும் வில்லியனூர், பாகூர் பகுதி உழவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விழுந்த மரத்தைக் கோடரியால் துண்டு போட்டுக் கை ஓய்ந்தவர்களுக்கு, சொந்தமாக மரம் அறுக்கும் மிஷின் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பே.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

மிஷின் விலையை உங்கள் ஊரின் ஒரு நாள் வாடகையால் வகுத்துப் பாருங்கள். வரும் விடை 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஐந்து நாள் மட்டுமே விறகு அறுப்பவருக்கு, போட்ட முதல் திரும்ப 6 ஆண்டு ஆகும். அவருக்கு வாடகையே மேல். சவுக்குத் தோப்பும் 3, 4 ஆண்டுக்கு ஒரு முறைதான் வெட்டுக்கு வரும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

எந்த அளவு?

ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-இல் செய்த மின் ரம்பத்தின் எடை சுமார் 48 கிலோ. தூக்க இரண்டு ஆள் வேண்டும். இன்று விறகுக்கு ஏற்ற பெட்ரோல் மிஷின் 5, 6 கிலோதான். சவுக்கு, வேலிக்கருவை, கிளைகள் இவற்றுக்கு 16 அங்குலப் பட்டை போதும். வேம்பு, புளி அடிமரம் அறுப்பவர் 18 அங்குலம் பார்க்கலாம். அதற்கு மேல் நீளம் கைக்குச் சுமை. வீட்டருகே மட்டும் அறுப்பவருக்கு மின்சார ரம்பம் சிக்கனமானது. ஆனால் மழையிலும் ஈரத் தரையிலும் அதைத் தொடக்கூடாது.

கடையில் பாருங்கள்

1. சங்கிலி, ஸ்பார்க் பிளக், ஸ்டார்ட்டர் கயிறு முதலிய உதிரி பாகங்கள் புதுச்சேரியிலேயே கிடைக்க வேண்டும். கிடைக்காத மிஷின் மலிவாக இருந்தாலும் வேண்டாம்.
2. முன்கைக் காப்பைத் தள்ளினால் சங்கிலி பிரேக் உடனே பிடிக்க வேண்டும்.
3. விசைப் பூட்டை அழுத்தாமல் விசை நகரக்கூடாது.
4. உங்கள் முன்னிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மெதுவாக ஓடும்போது சங்கிலி சுற்றக்கூடாது.

பராமரிப்பு

பெட்ரோலில் 2டி ஆயில் கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றிருந்தால் 40 மில்லி. பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் சங்கிலி ஆயிலையும் நிரப்புங்கள். மரத்தூள் செதிளாக வராமல் மாவாக வந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது என்று அறிந்து அரம் போடுங்கள். வேரோடு சாய்ந்த மரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிய பிறகே அறுக்க வேண்டும். மண் பட்ட சங்கிலி நொடியில் மழுங்கும்.

உயிர் முக்கியம்

பட்டை நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டால், ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். ஆகவே நுனியால் அறுக்காதீர்கள். தோளுக்கு மேல் தூக்காதீர்கள். வேட்டி, லுங்கி, தொங்கும் துண்டு கூடாது. கால்சட்டை, காலணி, கண்ணாடி, காது அடைப்பு வேண்டும். புயலில் வளைந்து முறுக்கி நிற்கும் மரத்தையும், மின்கம்பி மேல் கிடக்கும் மரத்தையும் நீங்களே அறுக்க முனையாதீர்கள். முன்னதற்கு அனுபவசாலியை அழையுங்கள்; பின்னதற்கு மின்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

பணம் கட்டுமுன் உங்கள் உழவர் உதவியகத்திலோ, குரும்பாப்பேட்டு வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஒரு முறை கலந்து பேசுங்கள். மானியம் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டறிந்து பயன் பெறுங்கள்.